பனிக்கு அடியில் இருப்பவை

போர் ஊர்திகளைச் சிறு அளவில் செய்து அடுக்கும் பழக்கமுள்ளவர்கள் எப்போதாவது ஒருநாள் பனிக்காலக் காட்சி ஒன்றைச் செய்தே தீருவார்கள். கிட்டத்தட்ட ஒரு சடங்கு அது. வெண்மையான தரையின்மீது கரும்பச்சை டாங்கி எந்த முயற்சியும் இல்லாமல் எடுப்பாகத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவ்வளவாக வெளியில் சொல்வதில்லை. பனி மூடிவிடும். ஒட்டிய இடத்தின் பிளவு, சரியாக அமராத சக்கரம், மண்ணையும் புல்லையும் செய்யப் பொறுமையில்லாமல் விட்ட தரை என எல்லாவற்றின்மீதும் ஒரு கைப்பிடி வெள்ளைப்பொடி தூவினால் வேலை முடிந்தது. இப்படிப் பனியை ஒரு போர்வையாக மட்டும் எடுத்துக்கொள்வதில் இந்தக் கலையின் பெரும் தோல்வி இருக்கிறது என்பது என் எண்ணம். அது கைவேலையின் தோல்வி மட்டும் அல்ல.

இதில் பழக்கமில்லாத வாசகருக்கு ஒரு சிறு விளக்கம். டயோராமா என்ற சொல்லை 1822இல் பாரீஸில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லூயி டாகுவேர், பின்னாளில் புகைப்படக்கலையின் முன்னோடியாக அறியப்பட்டவர். அன்று அது இருட்டறையில் ஒளியை மாற்றி மாற்றிக் காட்டப்பட்ட மாபெரும் ஓவியத்திரை. இன்று அச்சொல் ஒரு மரப்பலகையின்மேல் உறைந்து நிற்கும் சிறு காட்சியைக் குறிக்கிறது. போர் ஊர்திகளில் பரவலான அளவு 1/35. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கியின் வயிற்றுக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டும் என்று கணக்கிட்டதில் வந்துசேர்ந்த அளவு அது. ஒரு பொம்மையின் வசதிக்காகப் பிறந்த எண் பிறகு ஒரு கலையின் யாப்பாகிவிட்டது. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் போன்றவர்கள் 1970களில் அதைக் கதைசொல்லும் வடிவமாக உயர்த்தினார்கள்.

யாப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1/35 என்று ஒப்புக்கொண்டபின் எல்லாம் அதற்குக் கட்டுப்படவேண்டும். ஐந்தே முக்கால் அடி மனிதன் ஐந்து சென்டிமீட்டர் உயரம். முழங்காலுக்குமேல் வரும் எழுபது சென்டிமீட்டர்ப் பனி இரண்டு சென்டிமீட்டர். இதுவரை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பனித்துகளுக்குக் கணக்குப் போடுவோர் குறைவு. சமையல் உப்பின் ஒரு மணி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர். அந்தச் சிறு சிப்பாய் பனியில் நிற்கவில்லை, புளியங்கொட்டைக் குவியலில் நிற்கிறான். ஆப்பசோடா நயமாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும், பசையுடன் சேர்ந்து சில ஆண்டுகளில் மஞ்சள் பூக்கும். கண்ணாடி நுண்குமிழ்கள்தாம் ஓரளவு பொருந்துபவை. மைக்ரான் கணக்கில் அளக்கப்படும் உள்ளீடற்ற உருண்டைகள் அவை. வெள்ளைப் பசையும் சிறிது வெள்ளை வண்ணமும் கலந்து அடிப்படலமாகப் பூசி, அது காய்வதற்குள் உலர்ந்த பொடியைச் சல்லடையால் தூவவேண்டும். நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம். பனியின் அழகைச் செய்ய மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியிருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

அடுத்தது வெப்பநிலை. பனி ஒரே பொருள் அல்ல. உறைநிலையை ஒட்டிய பனி ஈரமானது. பிடித்தால் உருண்டையாகும், செங்குத்தான தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தடத்தில் சேற்றோடு குழைந்து பழுப்பாகும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது பாகையில் அது உலர்ந்த மாவு. ஒன்றோடொன்று ஒட்டாது. கிடைத்தளங்களில் மட்டும் தங்கும், காற்றடித்தால் போய்விடும். அங்கே சேறு என்பதே கிடையாது. சேறாக இருந்தது எப்போதோ கல்லாகி, தடங்கள் வார்ப்பு இரும்பைப்போல நிற்கும். "1940 ஜனவரி, பின்லாந்து" என்று பித்தளைத்தகட்டில் பொறித்துவிட்டு, டாங்கியின் சங்கிலிப்பட்டையில் பளபளக்கும் ஈரச்சேற்றைப் பூசிவைத்த காட்சிகளுக்குக் கணக்கில்லை. பெயர்ப்பலகை ஒரு நாட்டில் இருக்கிறது, தரை வேறொரு பருவத்தில் இருக்கிறது. வரலாற்று நாவலில் பத்தாம் நூற்றாண்டுக்காரன் மிளகாய் கடித்தால் நாம் சிரிக்கிறோம் அல்லவா, அதே பிழைதான்.

நிறத்தைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'மாக்பை' என்ற ஓவியத்தில் வேலியின் நிழல் நீலமாக விழுகிறது. 1869இன் பாரீஸ் சலோன் அதை ஏற்கவில்லை. பனியின் நிழல் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் என்று அதன்பின் பல தலைமுறைகள் கண்டுகொண்டாயிற்று. மாதிரி செய்பவர்கள் மட்டும் இன்னும் டப்பாவில் இருக்கும் வெள்ளையை அப்படியே பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. பனி ஒரு கடிகாரம். டாங்கியின் எஞ்சின் மூடியின்மேல் பனி இல்லாமல் மற்ற இடங்களில் இருந்தால் சற்றுமுன் வரை அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சின்மேலும் பீரங்கிக்குழல்மேலும் திறந்துகிடக்கும் மூடியின் உட்புறத்திலும் ஒரே அளவில் படிந்திருந்தால் அதற்குள் யாரும் இல்லை, பல நாட்களாக இல்லை. காலடித்தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நடந்தவன் அருகில்தான் இருக்கிறான். மழுங்கியிருந்தால் அவன் போய் ஓர் இரவாயிற்று. ஊர்திகளுக்குப் பூசப்பட்ட சுண்ணாம்பு வெள்ளை, ஆட்கள் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் தேயும். இதைச் செய்துகாட்ட ஒரு நல்ல உத்தி இருக்கிறது. அடிவண்ணத்தின்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை ஒரு படலமாகத் தெளித்து, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் பூசி, பிறகு நீர்தொட்ட தூரிகையால் தேவையான இடத்தில் தேய்த்து எடுப்பார்கள். உத்தி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே தேய்க்கவேண்டும் என்பதற்கு மட்டும் அந்த டாங்கிக்குள் ஐந்து மாதம் வாழ்ந்த மனிதர்களைக் கற்பனை செய்யவேண்டியிருக்கிறது.

மனிதர்கள் என்ற சொல் வந்துவிட்டதால் ராத்தே சாலைக்குப் போகலாம்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 1940 மார்ச் 13 வரை, 105 நாட்கள் நடந்த அப்போரில் சுவோமுஸ்ஸால்மி என்ற சிற்றூரை டிசம்பர் தொடக்கத்தில் 163ஆம் டிவிஷன் பிடித்தது. பிடித்தபின் அதுவே சூழப்பட்டது. அதை மீட்க உக்ரைனிலிருந்து கொண்டுவரப்பட்ட 44ஆம் டிவிஷன், எல்லையிலிருந்து வரும் ஒற்றைக் காட்டுச்சாலையில் நின்றுபோனது. அதுதான் ராத்தே சாலை. லாரிகளும் டாங்கிகளும் பீரங்கிகளும் குதிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைவிட்டு இறங்க முடியாமல் நின்றன. இருபுறமும் காடு, ஆழப்பனி. கர்னல் சீலாஸ்வுவோவின் பின்லாந்து வீரர்கள் வெள்ளை மேலங்கியுடன் பனிச்சறுக்கில் வந்து அந்த நீண்ட வரிசையைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். அத்துண்டுகளுக்கு 'மோத்தி' என்று பெயர். விறகை வெட்டி அளந்து அடுக்கும் குவியலுக்கு பின்னிஷ் மொழியில் உள்ள சொல் அது. சோவியத் வீரர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளை உடுப்பு இல்லை. களச் சமையல் வண்டிகள் குறிவைத்துத் தாக்கப்பட்டன, ஏனெனில் அக்குளிரில் பசி துப்பாக்கியைவிட விரைவானது. ஜனவரி முதல் வாரத்தில் எல்லாம் முடிந்தது. தப்பித் திரும்பிய படைத்தலைவர் வினோகிராதோவைச் சோவியத் அரசு அதே மாதம் தன் வீரர்களின் முன்னிலையிலேயே சுட்டுக்கொன்றது.

அந்தச் சாலையின் புகைப்படங்கள் கிடைக்கின்றன. மாதிரி செய்பவர்கள் அனைவரும் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள், டி-26 டாங்கியின் ஆணிவரிசையை எண்ணுவதற்கே அவற்றைப் பெருக்கிப் பார்க்கிறார்கள். அதே படங்களில் உறைந்த மனிதர்களும் குதிரைகளும் கிடக்கிறார்கள். மேசைமேல் வரும் காட்சியில் டாங்கி வருகிறது, ஆணி ஒன்று குறையாமல் வருகிறது. அவர்கள் வருவதில்லை.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. பீட்டர் புரூகல் 1560களில் 'குழந்தைகளின் படுகொலை' என்ற ஓவியத்தை வரைந்தார். ஏரோதின் ஆணைப்படி பெத்லகேமில் நடந்த கொலையை பிளாண்டர்ஸின் பனிமூடிய கிராமம் ஒன்றில் நிகழ்வதாகக் காட்டியிருந்தார். இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கும் அந்த மூலத்தில் குழந்தைகள் அநேகமாக இல்லை. பேரரசர் இரண்டாம் ருடால்பின் கையில் ஓவியம் இருந்த காலத்தில் குழந்தைகளின்மேல் மூட்டைகளும் உணவுப்பொருட்களும் விலங்குகளும் வரையப்பட்டுவிட்டன. படுகொலை கொள்ளையாகிவிட்டது. தாய் ஒருத்தி மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு அழுகிறாள். மூலத்தில் என்ன இருந்தது என்பது ஓவியரின் மகன் தீட்டிய பிரதிகளால் நமக்குத் தெரிகிறது. பனியும் கிராமமும் குதிரைவீரர்களும் ஓவியத்தில் அப்படியே இருக்கின்றன. ருடால்புக்குப் பனி பிடித்திருந்திருக்க வேண்டும். நம் பனிக்காலக் காட்சிகளில் பலவும் ருடால்பின் பிரதிகள்தான்.

அப்படியானால் பிணங்களைச் செய்து வைக்கவேண்டியதுதானே என்றால், அதையும் ஒருவகையில் செய்து பார்த்தாகிவிட்டது. பிரிட்டனின் சாப்மன் சகோதரர்கள் 2000ஆம் ஆண்டில் 'நரகம்' என்ற படைப்பைக் காட்சிக்கு வைத்தார்கள். ஸ்வஸ்திக வடிவில் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கான சிறு உருவங்கள் ஒன்றையொன்று சித்திரவதை செய்துகொண்டிருந்தன. 2004இல் லண்டன் கிடங்குத் தீயில் அது எரிந்துபோக, மேலும் பெரிதாக மீண்டும் செய்தார்கள். துணிச்சலான படைப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை பெருகப்பெருக அது ஒரு கறுப்பு நகைச்சுவையாக மாறிவிடுகிறது, எந்த ஒரு மரணமும் மரணமாக இல்லை. ஐந்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பிணத்துக்கு இயல்பாகவே இந்த ஆபத்து இருக்கிறது. சிவப்பு வண்ணம் ஒரு சொட்டு கூடினால் அது பொம்மையாகிவிடும்.

இலக்கிய நண்பர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கின்மீது ஓர் இளக்காரம் உண்டு. வளர்ந்த ஆண்கள் போரை வைத்து விளையாடுகிறார்கள் என்பார்கள். புலி என்றும் சிறுத்தை என்றும் பெயரிட்ட ஜெர்மானிய டாங்கிகளின்மேல் இத்துறைக்கு இருக்கும் தீராக்காதலைப் பார்க்கும்போது நானும் அந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் அவர்களே கொண்டாடும் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில் டோபி மாமா என்ன செய்கிறார்? நமூர் முற்றுகையில் தொடையிடுக்கில் காயம்பட்டவர் அவர். எங்கே, எப்படிக் காயம்பட்டது என்று விளக்கமுயன்று வார்த்தை சிக்கிக்கொள்ள, வரைபடம் வாங்குகிறார். பிறகு தோட்டத்துப் புல்வெளியில் கோட்டைகளையே கட்டத் தொடங்குகிறார். ஈயைக்கூடக் கொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிடும் மனிதர் அவர். விதவை வாட்மன் அம்மாள் காயம் எந்த இடத்தில் என்று தயங்கிக் கேட்கும்போது, வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டுவதாக அவர் பெருந்தன்மையோடு சொல்கிறார். சிரித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தச் சிரிப்புக்குள் ஸ்டெர்ன் வைத்தது இதுதான்: அத்தனை கோட்டையும் ஒரு காயத்திலிருந்து கட்டப்பட்டது, அத்தனை கோட்டையும் அந்தக் காயத்தை மூடவும் செய்தது. மாதிரி செய்பவனின் கையில் இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. அவனைப் பழிப்பதற்கோ விட்டுவிடுவதற்கோ முன் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்க்கவேண்டும்.

ராத்தே சாலையில் 2003இல் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. எர்க்கி புல்லினன் வடிவமைத்தது. 'விரிந்த அரவணைப்பு' என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். நடுவில் உள்ள அமைப்பில் 105 மணிகள் தொங்குகின்றன, நாளுக்கு ஒன்று. சுற்றிலும் இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காக ஆயிரக்கணக்கான கற்கள் நிலத்தில் நிற்கின்றன. சீருடை இல்லை, ஆயுதம் இல்லை, பெயர்கூட இல்லை. குளிர்காலத்தில் அவற்றின்மேல் பனி விழுகிறது. விழுந்தபின்னும் அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரிகிறது.

மேசைமேல் செய்யக்கூடியதும் இதுவே என்று நினைக்கிறேன். சாலையோரத்தில் மூன்று பேர் கிடக்கிறார்கள் என்றால் முதலில் அவர்களை முழுமையாகச் செய்யவேண்டும். முகம், விரல்கள், கம்பளிமேலங்கியின் மடிப்பு உட்பட. செய்து, வண்ணமும் பூசி, தரையில் பதித்தபிறகுதான் பனியைத் தூவவேண்டும், அதுவும் ஒரு மெல்லிய படலமாக ஒரு நாள் இடைவெளிவிட்டு மறு படலமாக, உண்மையில் விழுந்த வரிசையிலேயே. முடிவில் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மூன்று மேடுகள் மட்டும் தெரியும். வெறும் களிமண்ணால் மேடு செய்தாலும் இதே தோற்றம் வரும், யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். வராது. முழங்கை மடங்கிய கோணம் பனியை ஒரு விதமாகத் தாங்கும், மண்ணுருண்டை வேறு விதமாகத் தாங்கும், கண் அதைக் கண்டுகொள்ளும். அருகில் கவிழ்ந்த சமையல் வண்டி, அதன் புகைபோக்கிமேல் எஞ்சின்மேல் படிந்த அதே அளவு பனி. டாங்கி பின்னால், பாதி பலகைக்கு வெளியே வெட்டப்பட்டு நிற்கலாம். பார்ப்பவருக்குப் புரியவேண்டுமே என்று மேட்டிலிருந்து ஒரு கையுறையை வெளியே நீட்டிவைப்பவர்கள் உண்டு. நான் வைக்கமாட்டேன்.