ஆயுத பூஜை லீவ் ஏன் வருஷா வருஷம் மாறுது? குட்டீஸுக்கும் புரியும் காலண்டர் கணக்கு!

பொங்கல் என்றால் ஜனவரி 14 அல்லது 15. ஆனால் ஆயுத பூஜை? 2022-ல் அக்டோபர் 4, 2023-ல் அக்டோபர் 23, 2024-ல் அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் கம்பெனிகளில் மெஷினுக்குப் பொட்டு வைக்கும் இந்த நாள் மட்டும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? வீட்டில் குழந்தைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்க.

சூரியக் கணக்கு, நிலாக் கணக்கு

பூமி ஒருமுறை சூரியனைச் சுற்றிவர சுமார் 365 நாள். நிலா 12 முறை வளர்ந்து தேய 354 நாள்தான். 11 நாள் குறையுது.

பொங்கல் சூரியனைப் பார்த்து வருது. தை பிறந்தால் பொங்கல். ஆயுத பூஜை நிலாவைப் பார்த்து வருது. அமாவாசை முடிந்து தொடங்கும் நவராத்திரியின் நவமி அது. அதனால் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னாடி வந்துவிடும்.

இப்படியே விட்டால் ஆயுத பூஜை கோடைக்கே போய்விடுமே? அதனால்தான் ஏறக்குறைய 3 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதுதான் அதிக மாதம். 2023-ல் அது வந்ததால்தான் அக்டோபர் 4-ல் இருந்து 23-க்கு ஒரே தாவல்!

ஈரானில் எப்படி?

அங்கே புத்தாண்டு சூரியனைப் பார்த்து வருது. மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகும்போது நவ்ரூஸ் எனும் புத்தாண்டு. முதல் 6 மாதம் 31 நாள், அடுத்த 5 மாதம் 30 நாள், கடைசி மாதம் 29. கூட்டினால் 365. லீப் வருஷத்தில் கடைசி மாதத்துக்கும் 30.

நம்ம சித்திரை 1-ம் சூரியக் கணக்குதான். ஆனால் ஏப்ரல் 14. ஏன்? ஈரான் பகல், இரவைப் பார்க்கிறது. நாம் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதைப் பார்க்கிறோம். பூமி பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால், சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் என இடைவெளி கூடி, இப்போது 25 நாள் ஆகிவிட்டது.

லீவுக்கு என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டு சட்டப்படி, தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை உண்டு. தேசிய விடுமுறை தேதி மாறாது. நிலா மாறும். 2025-ல் விஜயதசமி காந்தி ஜெயந்தி அன்றே வந்துவிட, இரண்டும் ஒரே நாளில் முடிந்துபோனது.

அதனால் ஊருக்கு டிக்கெட் போடும்போது பொங்கலுக்குப் போன வருஷத் தேதி ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆயுத பூஜைக்குப் புது காலண்டரைத்தான் பார்க்கணும்.