ஒன்பது பேர் எண்டு சொன்னம்

கொழும்பில லொட்ஜ் தேடி அலைஞ்ச ஆக்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது. செப்டெம்பர் மாதம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சிக்கு யாழ்ப்பாணத்தில இருந்து நாங்கள் எட்டுப் பேர் வெளிக்கிட்டம். அதே கிழமை ஒரு சிநேகிதியின் அம்மாவுக்கு மகரகம ஆஸ்பத்திரியில கிளினிக் இருந்தது. வருத்தக்கார அம்மாவை இரவு பஸ்ஸில கொண்டுபோக ஏலாது. திரும்பி வரேக்க புத்தகப் பெட்டிகளும் இருக்கும். கணக்குப் பார்த்து, காசைப் பிரிச்சு, ஒரு வான் பிடிச்சம்.

பிறகுதான் றூம் தேடல் தொடங்கியது. மூன்று பின்னேரம் இருந்து பதினொரு இடத்துக்குப் போன் எடுத்தம். முதல் கேள்வி, "எத்தனை பேர்?" ரெண்டாவது, "பெடியளும் பெட்டையளும் ஒண்டாவா?" அம்மா ஒராள் கூட வாறா எண்டு சொன்ன பிறகுதான் குரல் கொஞ்சம் இளகும். மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்டம்: "பார்க்கிங் இருக்கா?" எல்லாரும் "இருக்கு" எண்டுதான் சொன்னார்கள்.

அந்த "இருக்கு" என்ற சொல்லுக்குக் கொழும்பில குறைஞ்சது நான்கு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, கட்டடத்துக்குக் கீழே ஒரேயொரு வாகனம் நிற்கலாம், முந்தி வந்தவருக்கு இடம். ரெண்டு, வாசலுக்கு முன்னால் ஒழுங்கையில ஓரமாக விடலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஹோர்ன் அடிச்சால் எடுக்க வேணும். மூன்று, நிலக்கீழ்த் தளத்தில இடம் இருக்கு, ஆனால் காருக்குத்தான். எங்கட வான் ஹைரூஃப், உயரம் இரண்டேகால் மீற்றருக்குக் கிட்ட, வாசல் வளை தட்டும். நாலாவது, காலி வீதிப் பக்கம் காசு கட்டி நிறுத்துங்கோ, விடிய வந்து எடுங்கோ.

கடைசியில வெள்ளவத்தையில ஒரு லொட்ஜ் சரிவந்தது. ரெண்டு றூம், ரெண்டு மேலதிக மெத்தை, விலையும் கட்டுப்படியானது. பார்க்கிங் ரெண்டாவது வகை. எங்களுக்குச் சந்தோஷம்.

விடிய ஐந்து மணிக்கு, அம்மாவை மகரகமவுக்குக் கொண்டுபோக இறங்கி வந்தம். வானின் கதவு பாதி திறந்திருந்தது. கீழே நுளம்புத்திரி எரிஞ்சுகொண்டிருந்தது. பின் சீற்றில ட்றைவர் அண்ணை காலை மடக்கிப் படுத்திருந்தார். இரவு பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் வானை எடுத்துத் திருப்பி விட்டிருக்கிறார். முகம் கழுவ எங்க போனீங்கள் அண்ணை எண்டு கேட்டம். ரெயில்வே ஸ்ரேசன் பக்கம் போனதாகச் சொன்னார். "பழகிப்போச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பதினொரு இடத்துக்கு நாங்கள் சொன்னது "ஒன்பது பேர்". போனது பத்துப் பேர். வானுக்கு இடம் கேட்ட எங்களில ஒருத்தருக்கும், வானை ஓட்டுறவருக்கு இடம் கேட்க வேணும் எண்டு தோன்றவில்லை. சமத்துவம், உழைப்பு, வர்க்கம் எண்டு வகுப்பில குறிப்பெடுக்கிற கலைப்பீடப் பிள்ளைகள் நாங்கள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

"அவருக்குப் பட்டா குடுக்கிறம்தானே?" எண்டு எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். குடுக்கிறம். ஆனால் அந்தக் காசுக்குக் கொழும்பில றூம் எடுக்க ஏலாது. எடுக்கக் கூடியதாக இருந்தாலும், வீட்டில பிள்ளைகள் இருக்கிற ஒரு மனிசன் அதைச் சேர்த்து வைக்கத்தான் பார்ப்பார். தூக்கத்தை அவரிட்ட மிச்சம் பிடிக்கச் சொல்லிப்போட்டு, அவர் ஓட்டுற வானில நாங்கள் நித்திரை கொண்டு வாறம். கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். திரும்பி வரேக்க நொச்சியாகமப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டி, நாற்பது நிமிசம் ஸ்ரியரிங்கில தலை வைச்சுப் படுத்தார். "லேட்டாகுது" எண்டு ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் அப்படி நிப்பாட்டாமல் விட்டிருந்தால்? வடக்கில விடியப்புற விபத்துச் செய்தி வரேக்க "சாரதியின் நித்திரைக் கலக்கம்" எண்டு எழுதுவார்கள். அவர் முதல் நாள் இரவு எங்க படுத்தார் எண்டு அந்தச் செய்தியில இருக்காது.

சிகிரியா, நுவரெலியாப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹொட்டேல்கள் பலவற்றில ட்றைவர்மாருக்கெண்டு தனி அறை இருக்கிறது. வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போற ட்றைவருக்குக் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும். எங்கட அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனவருக்கு நுளம்புத்திரி. இடம் இல்லை எண்டு லொட்ஜ்காரர் சொல்வது முழுப் பொய்யில்லை. புதுக் கட்டடங்கள் வாகனத் தரிப்பிடம் காட்ட வேணும் எண்டு நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் சொன்னாலும், வெள்ளவத்தை லொட்ஜுகளில கனக்க பழைய வீடுகள். காணி கூடாது. ஆனால் ஒரு சின்ன அறை, நாலு கட்டில், ஒரு குளியலறை போதும். ஒரு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபா எண்டு வைச்சாலும், ஒன்பது பேர் பிரிச்சால் தலைக்கு 222 ரூபா. ரெண்டு றோல்ஸ் காசுக்குக் கிட்ட.

"அப்ப ஏன் வெள்ளவத்தைக்கே போறீங்கள், வெளியில மலிவா முத்தத்தோட இடம் இருக்கே?" எண்டு கேட்கலாம். அம்மாக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்ஸில ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. நாங்கள் அப்ப நேர்சரிப் பிள்ளைகள். எங்கட பெற்றோருக்கு அது நேற்று நடந்த மாதிரி. தமிழ் கதைக்கிற மனேஜர், பக்கத்தில கோயில், தெரிஞ்ச சாப்பாட்டுக் கடை இருந்தால்தான் அவர்களுக்கு நித்திரை வரும். அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ண மாட்டம். ஆனால் அதனால காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில, நாலு பேர் சேர்ந்து நடக்க ஏலாத ஒழுங்கைகளுக்குள்ள, வடக்கு கிழக்கு வான்கள் எல்லாம் முட்டுப்படுகின்றன.

எங்கட தலைமுறை இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். போற அலுவலைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்வம். மகரகமவுக்கு எண்டால் மகரகமப் பக்கமே தேடலாம். கட்டுநாயக்காவுக்கு ஆளை ஏற்ற எண்டால் நீர்கொழும்பு, சீதுவைப் பக்கம் முத்தம் உள்ள விடுதிகள் இருக்கு, நகரத்துக்குள்ள வரத் தேவையே இல்லை. சிங்களம் கொஞ்சம் தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போனால் அம்மாவின் பயமும் குறையும். போன் எடுக்கேக்க "பார்க்கிங் இருக்கா" எண்டு மட்டும் கேட்காமல், வளவுக்குள்ளேயா ஒழுங்கையிலேயா, வாசல் எவ்வளவு உயரம், இரவில எடுக்கச் சொல்லுவீங்களா, ட்றைவருக்குப் படுக்க இடம் இருக்கா எண்டு கேளுங்கோ. கடைசிக் கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். அடிக்கடி கேட்டால், ஒருநாள் ஆரோ ஒரு லொட்ஜ்காரர் கட்டில் போடுவார்.

இந்த வருசமும் கண்காட்சிக்குப் போறம். அதே வான், அதே அண்ணை. வட்ஸ்அப் குழுவில போன கிழமை கணக்குப் போட்டம். காசு ஒன்பதால் பிரிச்சம், கட்டில் பத்து எண்டு எழுதினம். இன்னும் இடம் அகப்படவில்லை. ட்றைவருக்குக் கட்டில் குடுக்கிற இடம் ஏதும் தெரிஞ்சால் சொல்லுங்கோ.