ஆடுவதும் ஆற்றுவதும்

நாட்டியக்காரிக்கு வயதான பிறகு ஜீவனத்துக்கு என்ன வழி என்று கேட்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அமெரிக்காவில் அன்னா ஹால்ப்ரின் என்ற மாதரசி எண்பது வயதிலும் மேடை ஏறியே இதற்குப் பதில் சொன்னார். 1920-ல் பிறந்த அவர், நூறு வயது நிரம்பி 2021-ல் காலமானார்.

விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் அவருக்கு வாய்த்த ஆசிரியை ஜீவசாஸ்திரம் படித்தவர். வகுப்பில் ஓர் எலும்புக் கூட்டை வைத்துக்கொண்டு, எந்த மூட்டு எப்படித் திரும்புகிறதென்று மாணவிகளையே தங்கள் சரீரத்தில் கண்டுபிடிக்கச் செய்வார். தாம் ஆடிக் காட்டுவதில்லை! நெட்டுருப் போடவைத்தே பழகிவிட்ட நம் போன்ற உபாத்தியாயர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

பிற்பாடு காலிபோர்னியாவில், தமல்பைஸ் மலையடிவாரத்தில், வீட்டை ஒட்டிய மரக்கூட்டத்தின் நடுவே அவருக்குத் திறந்தவெளி மரமேடை ஒன்று அமைந்தது. அதை அமைப்பதில் பங்கு கொண்டவர் தோட்டக்கலைச் சிற்பியான அவருடைய கணவர் லாரன்ஸ். 1960-ல் அங்கே பயில வந்தவர்களில் டிரிஷா பிரௌன், இவான் ரெயினர் இருவரும் பின்னால் பெரும் புகழ் பெற்றார்கள்.

அன்னா தம் சிஷ்யர்களிடம், "உன்னை நீயே சித்திரமாக வரைந்து, பிறகு அதை ஆடு" என்று சொல்வது வழக்கம். ஒரு முறை தம்மையே வரைந்தபோது, அடிவயிற்றில் கருநிற உருண்டை ஒன்று வந்து விழுந்தது. அதை மட்டும் அவரால் ஆட முடியவில்லை. மனம் உறுத்தவே டாக்டரிடம் போனார். புற்றுநோய்! 1972-ல் ரண சிகிச்சை நடந்தது. மூன்று வருஷம் கழித்து நோய் திரும்பவும் தலைகாட்டிற்று. இம்முறை தம் உருவத்தை ஆள் உயரத்துக்கு வரைந்து, கோபமும் பயமும் பீறிட, சிநேகிதர்கள் முன்னிலையில் ஆடினார். அதன் பிறகு நோய் அடங்கியது.

நாட்டியமே புற்றுநோயைப் போக்கிவிட்டது என்று இதைக் கொண்டு யாரும் முரசறைய வேண்டாம். கத்தி எடுத்த டாக்டரை நாம் மறக்கலாகாது. நோய் நீங்குவது வேறு, மனிதன் ஆறுதல் அடைவது வேறு என்ற பேதத்தை அன்னாவே வற்புறுத்தி வந்தார். இந்த நிதானம் இல்லாதவர்கள் வைத்தியத்தின் பெயரைச் சொல்லி ஆட்டம் கற்பிக்க வந்தால், அவர்களிடம் வீட்டுப் பெண்களை அனுப்பாமலிருப்பதே நல்லது.

1978-ல் தம் புத்திரி டாரியாவுடன் சேர்ந்து தமல்பா ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நாட்டியம், சித்திரம், பேச்சு மூன்றையும் சேர்த்துப் பிறருக்கு உதவும் பயிற்சி அங்கே அளிக்கப்பட்டது. அரங்கில் கற்றது இவ்விதம் ஆசிரியத் தொழிலாயிற்று.

1990-ஐ ஒட்டிய வருஷங்களில், எய்ட்ஸ் நோயோடு போராடிய ஆடவர் சிலரை அவர் ஒரு குழுவாகச் சேர்த்தார். அந்நோய்க்குத் தக்க மருந்து இல்லாத காலம். பலர் அவர்களைத் தொடவும் அஞ்சினர். அன்னாவின் கூடத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் தோளில் தாங்கி ஆடக் கற்றார்கள். பிறகு ஜனங்கள் பார்க்க மேடையிலும் ஆடினார்கள்.