அண்ணன் என்னும் சொல்

அன்பு என்றால் மனம் உருகுவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் பகைவரையும் நேசிக்கும்படி ஏசுநாதர் சொன்னாரே, உருக்கம் கட்டளைக்கு வருமா? வராது. கட்டளைக்கு வரக்கூடியது செய்கை ஒன்றுதான்.

1921-ஆம் வருஷம் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்த இரு வைத்தியர்களை நினைத்துப் பார்ப்போம். ஒருவர் தமிழரான ஏசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்துக்காரரான பேட்டன். இருவரும் கதர் உடுத்தார்கள். ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார்கள். வெள்ளையர் இந்நாட்டை ஆண்டுகொண்டிருந்த அந்நாளிலே, ஆசிரமத்தில் தமிழர் 'பெரியண்ணன்' ஆனார். வெள்ளையர் 'சின்னண்ணன்' ஆனார்.

இந்த முறைப்பெயர்களில் ஒரு சாதனை அடங்கியிருக்கிறது. ஒருவரை ஒரு நாள் அண்ணன் என்று அழைப்பது உபசாரம். அபிப்பிராய பேதம் நேர்ந்த நாளிலும், அலுப்பு மிகுந்த நாளிலும் அப்படியே அழைப்பது விரதம். நாவு பழகிய வழியே மனமும் மெல்ல வந்து சேரும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. எங்கோ தூரத்தில் துன்புறுவோருக்காக இரங்குவது நமக்கு எளிது. காலையில் வாசலுக்கு வந்து சண்டையிடும் அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் சொல்லும் முதல் வார்த்தையிலேதான் பரீட்சை இருக்கிறது.