பசளையும் பச்சைவீட்டு வாயுவும்: சீனா, இந்தியா செல்லும் இரு வழிகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் காபனீரொட்சைட்டே முன்னிலை பெறுகின்றது. அதிகம் கவனிக்கப்படாது பெருகிவரும் மற்றொரு வாயு நைதரசு ஒட்சைட்டு ஆகும். நூறு வருட கால அளவில் நோக்கினால், இது காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பமேற்றும் ஆற்றல் கொண்டது. ஓசோன் படையையும் இவ்வாயு அரிக்கின்றது.

இதன் பிரதான மூலம் ஆலைப் புகைபோக்கியல்ல, வயலேயாகும். பயிர் உறிஞ்சாது எஞ்சும் பசளையிலுள்ள நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் வாயுவாக மாற்றிவிடுகின்றன. விவசாயி விலைகொடுத்து வாங்கிய பொருளே காற்றில் கலக்கின்றது.

2024 இல் வெளியான சர்வதேச மதிப்பீடொன்றின்படி, மனித நடவடிக்கைகளால் வெளியேறும் நைதரசு ஒட்சைட்டு 1980 முதல் 2020 வரை 40 சதவீதத்தால் அதிகரித்துள்ளது. 2020 இல் முதலிடம் பெற்ற சீனாவின் பங்கு ஏறத்தாழ 17 சதவீதம். அடுத்து வந்த இந்தியாவின் பங்கு 11 சதவீதம். இரு நாடுகளினதும் சனத்தொகை ஏறத்தாழ சமமானது என்பதால், தலைக்குரிய கணக்கில் இந்தியாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

ஆயினும், வளர்ச்சியின் போக்கு வேறு கதையைச் சொல்கின்றது. சீனாவின் வெளியேற்றம் 2010களின் நடுப்பகுதியிலிருந்து வேகம் தணிந்துள்ளது. அளவுக்கு மீறிப் பசளையிட்டு வந்த அந்நாடு, 2020 ஆகும்போது இரசாயனப் பசளைப் பாவனையின் வளர்ச்சியைப் பூச்சியமாக்கும் திட்டத்தை 2015 இல் அறிவித்தது. பாவனை குறைந்தது, தானிய விளைச்சல் வீழ்ச்சியடையவில்லை. (நைலோன் உற்பத்திக்கான அடிப்பிக் அமில ஆலைகள் வெளிவிடும் வாயு சீனாவின் தீராத தனிப் பிரச்சினை.)

இந்தியாவில் தடையாக நிற்பது விலைக் கொள்கையாகும். 2010 இல் ஏனைய பசளைகளின் மானிய முறை மாற்றப்பட்டபோது யூரியாவின் விலை மாத்திரம் அரசின் கட்டுப்பாட்டிலேயே விடப்பட்டது. 45 கிலோ மூட்டைக்கு 242 ரூபா என்ற விலையில் அது கிடைக்கும்போது, ஏழை விவசாயி அதனையே அள்ளி இடுவதில் வியப்பில்லை. 2015 இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது நல்ல நடவடிக்கையே. ஆனால் மானியத்தில் கைவைக்க எந்த அரசாங்கமும் துணிவதில்லை. தேர்தல் காலத்தில் அது எங்கும் நடக்கக்கூடிய காரியமுமன்று.

எமது நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. நைதரசன் விரயத்தை 2030 ஆகும்போது அரைவாசியாகக் குறைக்கும் பிரகடனம் 2019 ஒக்டோபரில் கொழும்பிலேயே வெளியிடப்பட்டது. விரயத்தைக் குறைப்பது வேறு, பசளையையே நிறுத்துவது வேறு. அந்த வேறுபாட்டை உணராமல், 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டது. அந்த வருட நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், அம்பாறையிலும் கிளிநொச்சியிலும் பெரும்போக விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் வீழ்ந்து, அரிசியை இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று.

சீனா எடுத்துக்கொண்டது ஐந்து வருடங்கள். மண் பரிசோதனையும் விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்களின் வழிகாட்டலும் முதலில் வயலுக்கு வந்திருந்தால், எமது விவசாயிகளும் அதே வழியில் குறைத்திருப்பார்கள் என்றே நாம் கருதுகின்றோம். சேதனப் பசளை பற்றிப் பேசினாலே தடையை நினைத்து அஞ்சும் அவர்களிடம், கொழும்புப் பிரகடனத்தை இனி எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதை விவசாய அமைச்சு விளக்க வேண்டும்.