தண்ணீர் தெளிந்தால் மண் தெளிந்துவிடுமா?

"நொய்யலில் முன்பு மாதிரி சாயத் தண்ணீர் வருவதில்லையே, இன்னும் எதற்குப் பழைய கதை?" என்று கேட்கிற நண்பர்கள் பெருகிவிட்டார்கள். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை நிலைத்தது. நல்லது. பனியன் தொழில் நம் வீடுகளில் அடுப்பெரித்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை வந்ததெல்லாம் எங்கே போயிற்று?

சில சாயங்களில் செம்பும் குரோமியமும் உண்டு. உலோகம் மக்கிப் போகாது. களிமண் துகளுக்கு எதிர் மின்சுமை. செம்பு, ஈயம், காட்மியம் இவற்றுக்கு நேர் மின்சுமை. வந்தவுடன் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலுள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் மக்கிய எருவும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே மேலே ஓடும் தண்ணீரைச் சோதித்தால் கணக்குக் குறைவாகத்தான் வரும். சரக்கு அடி மண்ணில் இருக்கிறது.

"மண் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லதுதானே?" என்பார்கள். அந்தப் பிடி நிரந்தரமல்ல. மண்ணில் அமிலத்தன்மை ஏறினால் தளரும். நீர் தேங்கி மண்ணுக்குக் காற்றில்லாமல் போனால் இரும்பு ஆக்சைடு கரைந்து, பிடித்து வைத்ததையும் விட்டுவிடும். சாயத்தோடு கொட்டிய உப்பிலுள்ள குளோரைடு, காட்மியத்தோடு சேர்ந்து அதை நகர்த்தும். குரோமியத்தின் நச்சு வடிவத்துக்கோ எதிர் மின்சுமை. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் அது நிற்காமல் கிணற்றுக்கு இறங்கும்.

மண்வள அட்டை இருக்கிறதே என்கிறீர்களா? 2015-ல் வந்த அந்தத் திட்டத்தில் 12 சோதனைகள். செம்பும் துத்தநாகமும் அதில் உண்டு. பயிருக்குச் சத்துக் குறைகிறதா என்று பார்க்க. குரோமியம், காட்மியம், ஈயம் மூன்றும் பட்டியலிலேயே இல்லை. சாயத் தண்ணீர் பாய்ந்த காட்டுக்கும் பாயாத காட்டுக்கும் ஒரே அட்டை!

குளத்து வண்டலை இலவசமாக எடுத்து வயலுக்கு அடித்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. நம் தாத்தா காலத்திலிருந்து நடக்கிற நல்ல காரியம். ஆனால் நொய்யல் தண்ணீர் தேங்கிய குளம், அணைகளின் வண்டலை உலோகச் சோதனை இல்லாமல் ஒரு வண்டி கூட எடுக்க விடக்கூடாது. அந்தச் சோதனைச் செலவு விவசாயி தலையில் விழவும் கூடாது. லாபம் பார்த்தவர்களும் அரசும் ஏற்கட்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பேரன் கையில் கொடுக்கப்போகிற காடு அது.