உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளை நோக்கி ஏறும் பாதையின் அயலெங்கும் தேயிலை மலைகள். அம்மலைகளிற் கொழுந்து பறித்து முதிர்ந்தவர்கள் இன்று லயத்து இஸ்தோப்பில் முடங்கியிருக்கின்றனர். இவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்றால், “வாழ்நாளெல்லாம் மலையேறியவர்களுக்குப் பயிற்சி எதற்கு?” என ஏளனஞ் செய்வோர் உளர். அது அறியாமை மட்டுமன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமுமாகும்.

கூடைக் கயிற்றைத் தலையிற் கொளுவி, ஒரே அசைவை நாள்முழுதும் செய்யும் உழைப்பு கழுத்தையும் முதுகையும் வருத்துகின்றது. பயிற்சியோ உடலின் தேவையறிந்து அளந்து செய்யப்படுவது. உழைப்பினாற் பெற்ற வலிமை சேமலாப நிதியைப் போலச் சேர்ந்திருப்பதுமில்லை. செக்ரோலிற் பெயர் வெட்டப்பட்டுக் கால்கள் ஓய்ந்ததும் தசை குன்றுகின்றது, சமநிலை பிசகுகின்றது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 1990களில் வகுத்த வீட்டுப் பயிற்சித் திட்டம் முதியோர் வீழ்தலை ஏறத்தாழ 35 வீதம் குறைத்தது. வாரத்தில் மூன்று முறை, முறைக்கு அரைமணி நேரம், அத்துடன் நடை; அவ்வளவே. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வோ, உடற்பயிற்சியுடன் நல்லுணவும் மனப்பயிற்சியும் இரத்த அழுத்தக் கண்காணிப்பும் சேர்ந்தால் அறிவாற்றலைப் பேணலாம் எனக் காட்டிற்று.

அறிவுத் தேய்வின் ஆபத்துக் காரணிகளுள் இளமைக் கல்விக் குறைவையும் உடலசைவின்மையையும் தனிமையையும் 2024ஆம் ஆண்டின் லான்செட் ஆணைக்குழு அறிக்கை எண்ணுகின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிற்றான். அன்று மறுக்கப்பட்ட கல்வியை இன்று மீட்டளிக்க இயலாது; மற்றிரண்டையும் மாற்ற இயலும்.

“பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இடமேது?” என்பர். கதவு நிலையைப் பற்றிக் குதிகால் உயர்த்தவும், வாங்கிலிருந்து கையூன்றாது எழுந்தமரவும் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். இஸ்தோப்பில் நடந்தவாறே பேரப்பிள்ளைகளின் பெயர்களைக் கடைசியிலிருந்து சொன்னால் மனமும் உடன் உழைக்கும். அயல்வீட்டாரும் சேர்ந்தால் தனிமையும் அகலும்.

ஆயினும் இதனைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வீசிவிட்டு ஒதுங்குதல் ஆகாது. எழுத்தறியாதோருக்கு நேரிற் செய்துகாட்டத் தமிழறிந்த சுகாதார ஊழியர் வேண்டும். வழுக்கும் படிக்கட்டைச் செப்பனிடாமல், கைபிடிக் கம்பி பொருத்தாமல், பயிற்சியை மட்டும் போதிப்பது மோசடி.

தேயிலைத் தூருக்குக் கவ்வாத்தும் உரமும் காலந்தவறாது கணக்கிடப்படுகின்றன. அத்தூரைப் பேணியவரின் கால்களுக்கு வாரத்தில் மூன்று அரைமணி நேரம் ஒதுக்க மட்டும் கணக்கில் இடமில்லையோ?